விறகின் விலையும் நீரின் எடையும்



ரமளான் மாதத்தில் நண்பகல் கழிந்ததும் பள்ளிவாசல்களின் பின்கட்டில் நோன்புக் கஞ்சிக்கான அடுப்பு மூட்டப்படுகிறது. எரிவாயு வீடுதோறும் வந்துவிட்ட இக்காலத்திலும், பெரிய தேக்சாவுக்கு விறகே உகந்தது என்று சொல்லும் சமையற்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். விறகு நன்றாக எரிந்தால் மகிழ்கிறோம். புகைந்தால், "ஈர விறகைத் தலையில் கட்டிவிட்டான்" என்று முகம் சுளிக்கிறோம். ஆயினும் அந்த விறகு எங்கிருந்து வந்தது, அதன் விலை எப்படி அமைந்தது, வெட்டியவருக்கும் சுமந்தவருக்கும் விற்றவருக்கும் என்ன மிஞ்சியது என்று நாம் கேட்பதில்லை. வரவு செலவுக் கணக்கில் "விறகு வகையில்" என்று ஒற்றை வரியில் முடிந்துபோகும் அச்செலவின் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டி, மலைகள் சூழ அமைந்த திருத்தணிப் பகுதியை நடுவில் வைத்து அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

மதீனாவில் ஒரு கணக்கு

விறகு வணிகத்தின் முதலீட்டையும் வருவாயையும் எண்களோடு நமக்குச் சொல்லும் பழைய செய்தி ஒன்று அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. உதவி கேட்டு வந்த அன்சாரி ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமுமே இருந்தன. அவற்றை வரவழைத்து ஏலம் கூறி 2 திர்ஹங்களுக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்குக் குடும்பத்திற்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொரு திர்ஹத்துக்குக் கோடரி வாங்கிவரச் செய்து, தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்குமாறும் 15 நாட்கள் கழித்து வருமாறும் பணித்தார்கள். அவர் திரும்பி வந்தபோது அவர் கையில் 10 திர்ஹங்கள் இருந்தன.

இதை ஒரு திர்ஹம் முதலுக்குப் பத்து திர்ஹம் வருமானம் என்று மேலோட்டமாகக் கணக்கிட்டால் கொள்ளை இலாபம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து திர்ஹமும் இலாபம் அன்று; பதினைந்து நாட்கள் காட்டுக்கு நடந்து, வெட்டி, கட்டி, சுமந்து, தெருவில் விற்ற உழைப்பின் கூலி. மரத்துக்கு அவர் விலை கொடுக்கவில்லை. நீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் நபிமொழியில் நெருப்பு என்பது பொதுநிலத்து விறகையும் குறிக்கும் என்று விளக்கம் தந்த அறிஞர்கள் உண்டு. ஆகவே, காடு பொதுவாக இருக்கும்வரை விறகின் விலை முழுவதும் உழைப்பின் விலையே. காட்டுக்கு உரிமையாளரும், பாதைக்கு வாடகையும், கிடங்குக்கு முதலீடும் வந்த பிறகுதான் விறகு விலையில் பிறருக்கும் பங்கு உண்டாயிற்று. திருத்தணிப் பகுதியின் வரலாறும் இந்த மாற்றத்தின் வரலாறே.

வண்டிப் பாதையும் இருப்புப் பாதையும்

விறகு எடை மிகுந்த, விலை குறைந்த பண்டம். பட்டு மூட்டையை நூறு கல் தொலைவு கொண்டு சென்றாலும் அதன் விலையில் வண்டி வாடகை ஒரு சிறு பங்காகவே இருக்கும். விறகை அவ்வாறு கொண்டு சென்றால் வாடகையே விலையை விழுங்கிவிடும். எனவே மாட்டுவண்டி ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவே பழங்காலத்தில் விறகுச் சந்தையின் எல்லையாக இருந்தது. மலையடிவாரத்தில் விறகு மலிவு. பத்துக் கல் தள்ளி அதன் விலை வேறு.

இந்த எல்லையை உடைத்தது இரயில். சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையிலான பாதை 1856இல் திறக்கப்பட்டது. அதன்பின் அரக்கோணத்திலிருந்து வடமேற்காகத் திருத்தணி, நகரி, ரேணிகுண்டா வழியாகக் கடப்பை நோக்கி 1860களில் ஒரு பாதை நீண்டது. 1871இல் அது இராய்ச்சூரை எட்டி, பம்பாயிலிருந்து வந்த பாதையுடன் இணைந்தது. அந்த நாட்களில் சென்னை இரயில்வேயின் நீராவி இயந்திரங்கள் பெரும்பாலும் விறகைத்தான் எரித்தன. ஆக, இரயில் விறகைச் சுமந்து செல்லும் வாகனமாகவும், விறகைத் தின்னும் வாடிக்கையாளராகவும் ஒரே நேரத்தில் வந்து நின்றது. பாதையோரத்து வடார்க்காடு, கடப்பை மாவட்டக் காடுகள் விரைந்து குறைந்தன. 1856இல் சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற கிளெக்ஹார்ன், 1861இல் வெளியிட்ட தம் நூலில் இரயிலின் தேவையால் காடுகளுக்கு ஏற்பட்ட நெருக்கடியைப் பதிவு செய்துள்ளார்.

அந்த நெருக்கடிக்கு மூன்று வகையில் மாற்று தேடப்பட்டது. முதலாவது, சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் கடலோர மணற்பரப்பில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. அரசு தொடங்கியதை உழவர்கள் விரைவில் கைக்கொண்டனர். பக்கிங்காம் கால்வாயில் படகேறிய சவுக்கு நகரத்து விறகுத் தொட்டிகளை வந்தடைந்தது. இரண்டாவது, வறண்ட நிலத்திலும் வளரும் எரிபொருள் மரம் வேண்டுமென்று காட்டு அதிகாரி பெடோம் 1876இல் வெளிநாட்டு விதை கேட்டு எழுதினார். 1877இல் கடப்பை மாவட்டக் கமலாபுரத்தில் அது நடப்பட்டது. நம் பகுதியினர் வேலிகாத்தான் என்றும் தென்மாவட்டத்தார் சீமைக்கருவேலம் என்றும் அழைக்கும் மரம் அதுவே. கமலாபுரமும் திருத்தணியும் ஒரே இருப்புப் பாதையில் அமைந்த ஊர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மூன்றாவது, வங்காளத்திலிருந்தும், பிற்பாடு சிங்கரேணியிலிருந்தும் வந்த நிலக்கரி. நிலக்கரி பரவலாகக் கிடைத்த பிறகு இரயில் விறகை விட்டு விலகியது. ஆனால் ஊராரின் அடுப்பு விலகவில்லை.

காட்டுக்கு விலை வந்த கதை

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் விறகு விலையில் ஒரு புதிய இனத்தைச் சேர்த்தது. அதற்குமுன் வழக்கத்தால் அனுபவித்துவந்த காடுகள் பல 'ஒதுக்குக் காடு'களாயின. விறகு எடுக்கக் கட்டணமும் அனுமதிச் சீட்டும் வேண்டியதாயிற்று. காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பகுதியும் வெட்டுக்கு ஏலம் விடப்பட்டது. அதைத்தான் நம் பெரியவர்கள் 'கூப்பு ஏலம்' என்றார்கள்.

ஏலத்தில் நிற்கக் கோடரி போதாது, முன்பணம் வேண்டும். அங்கேதான் வெட்டுபவரும் விற்பவரும் பிரிந்தார்கள். ஒரு கட்டு விறகின் விலையில் அதன்பின் ஆறு பங்குகள் இருந்தன: ஏலத்தொகை, வெட்டுக்கூலி, வண்டி அல்லது இரயில் வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, தொட்டியில் பிளந்து அடுக்கும் செலவு, எஞ்சியது வணிகரின் இலாபம். இவற்றுள் ஏலத்தொகையும் வாடகையும் பேரம் பேசிக் குறைக்கக் கூடியவை அல்ல. சந்தை விலை இறங்கும்போது இடிபட்டவை வெட்டுக்கூலியும் சுமைகூலியுமே. காட்டோரத்திலிருந்து தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து தெருத்தெருவாக விற்ற பெண்களின் நிலை இன்னும் கடினம். மாலைக்குள் விற்றாக வேண்டும். சுமையைத் திரும்ப வீட்டுக்குச் சுமக்க முடியாது. இதை அறிந்தவர்கள் பொழுது சாயும்வரை காத்திருந்து பேரம் பேசினார்கள். கயிற்றை எடுத்துச் சென்று விறகு சுமந்து விற்பது பிறரிடம் கையேந்துவதைவிட மேல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்த தொழில் இது. அத்தொழிலைச் செய்தவர்களிடமே நம் சமுதாயம் மிகக் கடுமையாகப் பேரம் பேசியிருக்கிறது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

திருத்தணிக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. பழைய வடார்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணி அதனுள் சேர்ந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின், ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் முடிவின் அடிப்படையிலும், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. நகரி, புத்தூர் மலைப்பக்கங்கள் ஆந்திரத்தில் நின்றன. முன்பு ஒரே மாவட்டத்துக்குள் நடந்த விறகுப் போக்குவரத்து இரு மாநில வனச் சட்டங்களுக்கு உட்பட்டதாயிற்று: அங்கே 1967ஆம் ஆண்டின் ஆந்திர வனச் சட்டம், இங்கே 1882ஆம் ஆண்டுச் சட்டமும், 1968இல் வந்த மரப் போக்குவரத்து விதிகளும். மலை மாறவில்லை, சாலை மாறவில்லை. ஆனால் சீட்டுக்கான செலவும் காத்திருக்கும் நேரமும் விலையில் ஏறின.

தேவையோ குறையவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயிலுக்குத் திரளும் மக்களுக்குச் சமைக்கும் உணவுக்கடைகள், சுற்றுவட்டார நெசவூர்களின் சாயத் தொட்டிகள், செங்கற்சூளைகள், வெல்லம் காய்ச்சும் கொப்பரைகள், திருமண விருந்துகள் என அனைத்தும் விறகையே நம்பியிருந்தன.

இலாபம் ஒளிந்திருக்கும் இடம்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருவோம். விறகு வணிகத்தில் இலாபம் எங்கே இருக்கிறது? பலரும் விலையில் என்பர். உண்மையில் அது நீரில் இருக்கிறது.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராக இருக்கக்கூடும். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, சில மாதங்கள் காயவிட்டால் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். நீர் எரியாது, எரியும் கட்டையின் வெப்பத்தைத் தின்று ஆவியாகும். பாதி நீருள்ள ஒரு கிலோ பச்சை விறகு ஏறத்தாழ 1,950 கிலோ கலோரி வெப்பமே தரும். ஐந்தில் ஒரு பங்கு நீருள்ள காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,480 கிலோ கலோரி தரும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். இதிலுள்ள ரூபாய்த் தொகைகள் எளிமைக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு வணிகர் 1,000 கிலோ பச்சை விறகை 4,000 ரூபாய்க்கு வாங்குகிறார். வாடகை 1,000 ரூபாய். பிளக்கவும் ஏற்றி இறக்கவும் 500 ரூபாய். ஆக அடக்கவிலை 5,500 ரூபாய். பச்சையாகவே கிலோ 7 ரூபாய்க்கு விற்றால் 7,000 ரூபாய் வருகிறது. இலாபம் 1,500 ரூபாய்.

வேறொரு வணிகர் அதே விறகைக் காயவைக்கிறார். 1,000 கிலோ, 625 கிலோவாகக் குறைகிறது. இடவாடகை முதலியவற்றுக்கு இன்னும் 250 ரூபாய் செலவு. அடக்கவிலை 5,750 ரூபாய். அதே 1,500 ரூபாய் இலாபம் கிடைக்க வேண்டுமானால் அவர் கிலோ 11 ரூபாய் 60 காசுக்கு விற்றாக வேண்டும். வாங்க வருபவர், "பக்கத்துத் தொட்டியில் ஏழு ரூபாய், நீர் பதினொன்றரைக்கு மேல் சொல்கிறீரே" என்று திரும்பிப் போய்விடுகிறார்.

ஆனால் வெப்பத்தைக் கணக்கிட்டால் உண்மை தலைகீழ். ஆயிரம் கிலோ கலோரி வெப்பத்துக்குப் பச்சை விறகில் நாம் கொடுப்பது ஏறத்தாழ 3 ரூபாய் 59 காசு. காய்ந்த விறகில் 3 ரூபாய் 33 காசு. விலை கூடிய விறகே மலிவு. தவிர, 625 கிலோ காய்ந்த விறகு தரும் மொத்த வெப்பம், 1,000 கிலோ பச்சை விறகு தருவதைவிட அதிகம். புகையும் குறைவு, அடுப்பு ஊதுபவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நலம்.

மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் மேலே காய்ந்த கட்டைகளை அடுக்கி, அடியில் பச்சையை வைத்து, எல்லாவற்றையும் காய்ந்த விறகின் விலைக்கு விற்கிறார். முழுவதும் பச்சையாகவே இருந்தால் 1,000 கிலோவுக்கு 11,600 ரூபாய் வருகிறது. இலாபம் 6,100 ரூபாய். நேர்மையான இருவரும் பெற்றதைவிட நான்கு மடங்கு! இதற்காக அவர் எடைக்கல்லைத் தேய்க்கவில்லை, தராசைச் சாய்க்கவில்லை. எடை சரியாகவே இருக்கிறது. ஆனால் எடையில் இருப்பது நீர்.

மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வணிகர் கூறியதும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததும் நாம் அறிந்த செய்தியே. ஈரப் பொருளை விற்கக் கூடாது என்று அங்கே தடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஈரத்தை மறைப்பதே தடுக்கப்பட்டது. பச்சை விறகைப் பச்சை என்று சொல்லிப் பச்சை விலைக்கு விற்ற முதல் வணிகரின் 1,500 ரூபாய் தூய்மையானது. மூன்றாமவர் கூடுதலாகப் பெற்ற 4,600 ரூபாயோ நீருக்கு வாங்கிய விலை.

விலை ஏறும்போது

விறகு விலை ஏறிய காலங்கள் பல. மழைக்காலத்தில் காடு நனையும், வண்டித் தடம் சேறாகும், காய்ந்த விறகு அரிதாகும், விலை ஏறும். 1939இல் தொடங்கிய இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. அந்தக் கரிக்காகவும் மரம் வெட்டப்பட்டது. இன்றியமையாப் பொருட்களின் விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது.

மதீனாவில் விலைகள் ஏறியபோது விலை நிர்ணயம் செய்யுமாறு தோழர்கள் வேண்டினர். விலையை ஏற்றி இறக்குபவன் இறைவனே என்று கூறி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. அதே வேளையில் பதுக்கலை வன்மையாகக் கண்டித்தார்கள். இவ்விரண்டையும் இணைத்து ஆராய்ந்த இப்னு தைமிய்யா (1263–1328), இயற்கையான தட்டுப்பாட்டால் ஏறும் விலை வேறு, வணிகர்கள் கூடிப் பேசியோ பதுக்கியோ ஏற்றும் விலை வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னதில் வணிகரை வற்புறுத்துவது அநீதி. பின்னதில் நியாய விலைக்கு விற்கச் செய்வது ஆட்சியாளரின் கடமை என்பது அவர் முடிவு. மழைக்காலத்துக்கு முன்பே செலவழித்து விறகைக் காயவைத்து வைத்திருப்பவர் சற்றுக் கூடுதல் விலை கேட்பது உழைப்புக்கும் இழந்த எடைக்கும் உரிய ஈடு. தொட்டிக்காரர்கள் கூடிப் பேசிக் கதவடைப்பது அநீதி. இரண்டையும் ஒரே கண்ணால் நோக்குவது நமக்கும் தகாது.

இன்றைய நிலை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்திய இல்லங்களில் ஏறத்தாழ 49 விழுக்காடு விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. தமிழகத்தில் 2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்புகளாலும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் நிலைமை வெகுவாக மாறியது. வீட்டுக்கு வீடு விறகு வாங்கிய காலம் போய், உணவகம், சூளை, பேக்கரி, விருந்துச் சமையல் ஆகியவையே வாடிக்கையாளர்களாக எஞ்சின. சவுக்கை இப்போது காகித ஆலைகள் கூழுக்காக வாங்குகின்றன. ஆகவே தோப்புக்காரருக்கு விறகுத் தொட்டி இரண்டாம் சந்தையாகிவிட்டது. விறகுக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்பது ஒரு சிறு ஆறுதல்.

இவ்வளவு மாறியும் மாறாதது ஒன்று உண்டு. இன்றும் விறகு எடைக்கே விற்கப்படுகிறது, வெப்பத்துக்கு அன்று. ஆகவே ஈரத்தை மறைப்பவருக்கான வாய்ப்பும், ஈரத்தைச் சொல்பவருக்கான நட்டமும் அப்படியே இருக்கின்றன. நேர்மையான வணிகரை நட்டப்படுத்துவது ஏமாற்றுபவர் மட்டுமல்லர்; எடை விலையை மட்டும் கேட்டுவிட்டு நடையைக் கட்டும் நாமும்தான்.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! அடுத்த ரமளானுக்கு விறகு வாங்கும்போது மூன்று செயல்களை நாம் மேற்கொள்ளலாம். முதலாவது, கிலோ என்ன விலை என்பதற்கு முன் வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்போம். இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தவை கணீரென ஒலிக்கும். பச்சை மந்தமாக ஒலிக்கும். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டாவது, காய்ந்த விறகு என்று உண்மை சொல்லி விற்பவருக்கு உரிய கூடுதல் விலையை மனமுவந்து கொடுப்போம். அது நமக்கும் ஆதாயமே. மூன்றாவது, கோடையிலேயே வாங்கி நம் கூரையடியில் காயவைத்துக்கொள்ள இடமிருந்தால், பச்சை விறகைப் பச்சை விலைக்கே வாங்குவோம். இறக்கி அடுக்கும் தொழிலாளியின் கூலியில் மட்டும் பேரம் பேசாதிருப்போம். அந்தக் கூலி, மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் காம்பு பொருத்திக் கொடுத்த கோடரியிலிருந்து தொடர்ந்து வருவது.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை தவறாத வணிகர்களாகவும், நேர்மைக்கு உரிய விலையைத் தரத் தயங்காத வாடிக்கையாளர்களாகவும் நம்மை வல்ல இறைவன் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.